பச்சையைப் பார்த்தால் படிப்பு ஏறுமா?

தேர்வுக் காலம் நெருங்கும்போதெல்லாம் மாணவர்களுக்குத் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் அறிவுரை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பார் ஒருவர். விடியற்காலையில் படித்தது மறக்காது என்பார் மற்றொருவர். அண்மைக் காலமாக இந்தப் பட்டியலில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "படித்துக் களைத்துவிட்டால் பச்சையைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கவனம் திரும்பிவிடும். இது விஞ்ஞானிகள் கண்ட உண்மை" என்பதே அது.

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில் குடியிருக்கிறார். அவர் வீட்டுச் சன்னலைத் திறந்தால் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். இந்த அறிவுரையைக் கேட்ட அவர், அருவிப் படம் ஒன்றை வாங்கித் தம் மேசைக்கு எதிரே ஒட்டினார். ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்து, "சார், படத்தைப் பார்த்தால் கவனம் வரும் என்கிறார்கள். எனக்குத் தூக்கம்தான் வருகிறது. தவறு படத்திலா, என்னிடமா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடிய கேள்வி அன்று இது. தவறு படத்திலும் இல்லாமல், அவரிடமும் இல்லாமல், மூன்றாவதாக ஓர் இடத்திலும் இருக்கலாம். 'விஞ்ஞானிகள் கண்ட உண்மை' என்று நம்மிடம் வந்து சேர்ந்த செய்தியிலேயே இருக்கலாம் அல்லவா? ஆகவே அந்த விஞ்ஞானிகள் உண்மையில் என்ன செய்தார்கள், எதைக் கண்டார்கள், அதிலிருந்து எவ்வளவு தூரம் நாம் போகலாம் என்பதைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

கவனம் இரு வகை

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது உளவியல் நூலில் கவனத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தானாகச் செல்லும் கவனம். வாசலில் யானை வந்தால் யாரும் சொல்லாமலே திரும்பிப் பார்க்கிறோம். மற்றது நாமாக வலிந்து செலுத்தும் கவனம். தெருவில் லாரி உறுமுகிறது. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி அலறுகிறது. அவற்றையெல்லாம் மனத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு மின்சுற்றுக் கணக்கு ஒன்றைப் போடுகிறோமே, அதற்கு வேண்டியது இந்த இரண்டாவது கவனம்.

இந்த அடித்தளத்தின் மீது கட்டடம் எழுப்பியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் தம்பதியர். 1989-இல் அவர்கள் வெளியிட்ட 'இயற்கை அனுபவம்' என்ற பொருள்படும் ஆங்கில நூலிலும், 1995-இல் ஸ்டீபன் காப்லான் எழுதிய கட்டுரையிலும் இக்கொள்கை விரிவாகச் சொல்லப்பட்டது. இதைத் தமிழில் 'கவன மீட்புக் கொள்கை' எனலாம். வலிந்து செலுத்தும் கவனம் தசையைப் போலக் களைத்துப் போகும். அதற்கு ஓய்வு வேண்டும். மரமும் நீரும் மேகமும் நம் பார்வையை மென்மையாக ஈர்க்கின்றன. ஆனால் நம்மை ஆட்டிப் படைப்பதில்லை. அந்த வேளையில் தானாகச் செல்லும் கவனம் வேலை செய்ய, களைத்த கவனம் இளைப்பாறுகிறது. கொள்கையின் சாரம் இவ்வளவே.

ஓர் இடம் இவ்வாறு இளைப்பாற்ற வேண்டுமானால் நான்கு பண்புகள் தேவை என்றும் அவர்கள் கூறினர். வழக்கமான தொல்லைகளிலிருந்து விலகியிருத்தல், மனம் உலவுவதற்கு வேண்டிய விரிவு, வலியாமல் ஈர்க்கும் தன்மை, நாம் விரும்புவதற்கு இசைந்திருத்தல் ஆகியவையே அந்த நான்கு. இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோதனைகள் சொல்வது என்ன?

இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவது மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் ஏடுகளை ரோஜர் உல்ரிக் என்பவர் ஆராய்ந்தார். சிலருடைய அறைச் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. சிலருடையது செங்கற்சுவரை நோக்கியிருந்தது. வயது முதலியன ஒத்த 23 இணைகளைப் பொறுக்கி எடுத்து, அந்த 46 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமையான மருந்துகளையும் மரத்தைக் கண்டவர்கள் குறைவாகவே கேட்டனர். 1984-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த இந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆனால் இது அளந்தது நோய் தேறுவதை, கவனத்தை அன்று. பலர் இதைக் காட்டியே கவனம் பற்றியும் பேசிவிடுகின்றனர்.

கவனத்தை நேரடியாக அளந்த ஆய்வுகளில் முதன்மையானது 2008-இல் மார்க் பெர்மன், ஜான் ஜோனைட்ஸ், ஸ்டீபன் காப்லான் ஆகிய மூவர் வெளியிட்டது. 38 பேரை முதலில் களைக்க வைத்தனர். பிறகு ஒரு நாள் மரங்கள் அடர்ந்த தோட்டத்திலும், ஒரு வாரம் கழித்து மற்றொரு நாள் நகரின் பரபரப்பான தெருவிலுமாக, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்க வைத்தனர். சிலர் முதலில் தோட்டத்துக்கும் சிலர் முதலில் தெருவுக்குமாகச் சென்றனர். நடைக்கு முன்னும் பின்னும் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனை வைத்தனர். '5, 2, 7' என்று கேட்டால் '7, 2, 5' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களின் தொகை ஏற ஏறக் கடினமாகும். தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தபோது மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. தெருவில் நடந்தபோது அவ்வாறு உயரவில்லை. வியப்பு என்னவெனில், கடுங்குளிரில் நடந்து 'இன்பமாக இல்லை' என்று சொன்னவர்களுக்கும் பயன் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. ஆகவே இது வெறும் மகிழ்ச்சியின் விளைவு அன்று என ஆய்வாளர் வாதிட்டனர்.

அதே கட்டுரையில் இரண்டாவது சோதனை ஒன்று உண்டு. நம் மாணவரின் அருவிப் படத்துக்கு மூதாதை அதுதான். 12 பேருக்குப் பத்து நிமிடம் இயற்கைக் காட்சிப் படங்களும், வேறு ஒரு நாள் நகரப் படங்களும் காட்டப்பட்டன. இயற்கைப் படங்களுக்குப் பிறகு கவனச் சோதனையின் ஒரு பகுதியில் மட்டும் முன்னேற்றம் காணப்பட்டது. இதற்கு முன்பே 2005-இல் இத்தாலியின் ரீட்டா பெர்ட்டோ 32 மாணவர்களிடம் படங்களைக் கொண்டே இத்தகைய சோதனை நடத்தி, இயற்கைக்குச் சாதகமான முடிவைக் கண்டிருந்தார். 2015-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 150 மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, நடுவே நாற்பது நொடி மட்டும் ஒரு கட்டடக் கூரையின் படத்தைக் காட்டினர். பூக்கள் நிறைந்த புல்வெளிக் கூரையைக் கண்டவர்கள், வெறும் காங்கிரீட் கூரையைக் கண்டவர்களைவிடக் குறைவாகவே தவறு செய்தனர்.

இவ்வளவையும் படித்தபின், 'அப்படியானால் உண்மைதானே' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் உங்கள் பதிவேட்டைத் திருத்தும்போது நாங்கள் கேட்கும் கேள்விகளை இந்த ஆய்வுகளிடமும் கேட்க வேண்டாமா? நான்கு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: எத்தனை முறை அளந்தீர்கள்?

தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண ஒரே ஓர் அலைவை அளந்து விடை எழுதினால் நான் ஒப்புக்கொள்வேனா? இருபது அலைவுகளை அளந்து வகுக்கச் சொல்வேன். ஏனெனில் ஒவ்வொரு அளவீட்டிலும் தற்செயலான பிழை இருக்கிறது. பல முறை அளந்து சராசரி கண்டால் அது குறைகிறது. குறையும் வேகமும் நமக்குத் தெரியும். அளவீடுகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானால்தான் சராசரியின் பிழை பாதியாகும்.

மனிதருடைய கவனம் ஊசலைவிட ஆயிரம் மடங்கு அலையக் கூடியது. நேற்று இரவு தூங்கினாரா, காலையில் சாப்பிட்டாரா என்பதெல்லாம் எண்ணைத் தலைகீழாகச் சொல்வதைப் பாதிக்கும். அத்தகைய ஒன்றைப் 12 பேரிடம் அளந்து உலகத்துக்கே விதி எழுதுவது எப்படிப் பொருந்தும்? சிறிய கூட்டத்தில் தற்செயலாகப் பெரிய வேறுபாடு தோன்றுவது எளிது. அப்படித் தோன்றியவையே இதழ்களில் இடம் பெறுகின்றன. ஒன்றும் தோன்றாத சோதனைகள் மேசை இழுப்பறையில் உறங்கிவிடுகின்றன.

இது வெறும் ஐயம் அன்று. உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி மறுபடி செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். முதலில் செய்தபோது ஏறத்தாழ எல்லாமே வெற்றி எனச் சொல்லப்பட்டவை. மறுமுறை தேறியவை ஏறக்குறைய 36 விழுக்காடுதான். இயற்கைக் காட்சி பற்றிய துறையிலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. 2014-இல் எம்ஃபீல்டு, நைடர் என்ற இருவர் இயற்கைப் படங்களையும் ஒலிகளையும் கொண்டு சோதித்தபோது, மக்களின் மனநிலை நன்றாயிற்றே தவிர, அறிவுத்திறச் சோதனைகளில் மீட்பு எதுவும் காணப்படவில்லை.

இரண்டாம் கேள்வி: எதனோடு ஒப்பிட்டீர்கள்?

திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் சுழிப்பிழை பார்க்கிறோம். சுழி எங்கே என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது. இந்தச் சோதனைகளில் சுழி எங்கே இருக்கிறது?

தோட்டத்தை ஒப்பிட்டது பரபரப்பான தெருவோடு. தெருவில் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். சமிக்ஞை விளக்கைப் பார்க்க வேண்டும். எதிரில் வருபவரை இடிக்காமல் போக வேண்டும். அங்கே கவனத்துக்கு ஓய்வே கிடையாது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து யாராவது எண்களைத் தலைகீழாகச் சொல்ல முடியுமா? தோட்டத்தில் நடந்தவர் முந்தியதற்குக் காரணம் மரம் தந்த வரமா, அல்லது தெரு ஓய்வைத் தடுத்ததா? இரண்டே இரண்டை மட்டும் ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்காது. மூன்றாவதாக, மரமும் இல்லாத இரைச்சலும் இல்லாத ஓர் அமைதியான இடம் வேண்டும்.

இங்கேதான் அந்த நான்கு பண்புகள் நினைவுக்கு வர வேண்டும். விலகியிருத்தல், விரிவு, ஈர்ப்பு, இசைவு ஆகிய நான்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோவிலின் பிராகாரத்தில் கூட்டமில்லாத நண்பகலில் உட்கார்ந்தால் கிடைக்காதா? அங்கே நம்மைச் சூழ்ந்திருப்பது கல்லும் தூணுமே. அருங்காட்சியகமும் இவ்வாறு இளைப்பாற்றும் இடமாகலாம் என்று ஸ்டீபன் காப்லானும் அவருடன் பணியாற்றியோரும் 1993-இலேயே எழுதியிருக்கின்றனர். ஆகக் கொள்கைப்படியே பார்த்தாலும் பச்சை நிறம் மந்திரம் அன்று. மரத்தையும் தெருவையும் மட்டும் ஒப்பிடும் சோதனை, தன் கொள்கையையே சரிவரச் சோதிக்கவில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் கேள்வி: வேறு காரணம் இருக்கக் கூடுமா?

2015-இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 2,593 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். எண்ணிக்கையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. பள்ளியைச் சுற்றிப் பசுமை மிகுந்திருந்த இடங்களில் குழந்தைகளின் செயல்நினைவு கூடுதலாக வளர்ந்தது; கவனக்குறைவு குறைந்தது. ஆனால் அவர்கள் காற்றையும் அளந்தனர். பசுமையால் வந்ததாகத் தோன்றிய நன்மையில் 20 முதல் 65 விழுக்காடு வரை, வண்டிப் புகையிலிருந்து வரும் கரித்துகள் குறைவாக இருந்ததோடு தொடர்புடையதாகத் தெரிந்தது.

இதன் பொருள் என்ன? மரங்கள் உள்ள இடத்தில் வண்டிகள் குறைவு, புகை குறைவு, இரைச்சலும் குறைவு. குழந்தையின் கண் பெற்ற நன்மை எவ்வளவு, நுரையீரல் பெற்ற நன்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் 'பச்சையைப் பார்த்ததால்' என்று சொல்லிவிட முடியாது. அருவிப் படத்தை நூறு ஒட்டினாலும் அறைக்குள் வரும் டீசல் புகை ஒரு துகள்கூடக் குறையாது அல்லவா?

இந்த ஆய்வில் பசுமையை அளந்தது செயற்கைக்கோள். தாவரங்கள் எந்த அலைநீள ஒளியை விழுங்குகின்றன, எதைத் திருப்பி அனுப்புகின்றன என்பதைக் கொண்டு மேலிருந்து பசுமையைக் கணக்கிடுவர். பார்சிலோனாவுக்கு அது போதும். நம் ஊருக்கு? கழிவுநீர் கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால், செயற்கைக்கோளின் கண்ணுக்கு அது நேர்த்தியான பசுமை. கரையில் நிற்பவரின் மூக்குக்கு அது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. சீமைக்கருவேலங் காடும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு. அதன் கரையில் கவனம் மீளுமா என்பதை மெல்போர்னின் கூரைப் படமோ மிச்சிகனின் தோட்டமோ நமக்குச் சொல்லாது. அங்கே செய்த சோதனையின் முடிவை இங்கே அப்படியே ஒட்டுவது, கடல்மட்டத்தில் கண்ட கொதிநிலையை மலையுச்சிக்கும் எழுதுவதற்கு ஒப்பாகும்.

நான்காம் கேள்வி: படமும் பொருளும் ஒன்றா?

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலி என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் இத்துறையில் வந்த 31 ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். 13 வகைக் கவன அளவைகளைத் தனித்தனியே தொகுத்துப் பார்த்ததில் மூன்றில்தான் இயற்கைக்குத் தெளிவான சாதகம் இருந்தது. எண்களை நேராகச் சொல்லுதல், தலைகீழாகச் சொல்லுதல், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைத்தல் ஆகியவையே அந்த மூன்று. மற்றப் பத்தில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 2018-இல் ஸ்டீவன்சனும் உடன்பணியாற்றியோரும் 42 ஆய்வுகளைத் தொகுத்தபோது முடிவு சற்று ஊக்கமளித்தது. செயல்நினைவிலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தை மாற்றும் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் உண்மையான இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் பெற்ற பயன், படத்திலும் திரையிலும் கண்டவர்கள் பெற்றதைவிடக் கூடுதல் என்றும் அவர்கள் கண்டனர்.

நம் மாணவரின் ஐயத்துக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிட்டது. ஏரிக்கரைக்குப் போகிறவர் நடக்கிறார், காற்று வாங்குகிறார், தொலைவில் உள்ளதைப் பார்க்கிறார், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போகிறார். படத்தைப் பார்ப்பவர் அதே நாற்காலியில், அதே புழுக்கத்தில், அதே புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார். காப்லான் தம்பதியர் சொன்ன முதல் பண்பாகிய 'விலகியிருத்தல்' அங்கே எப்படி வரும்?

எஞ்சி நிற்பது என்ன?

இவ்வளவு கேள்விகளுக்குப் பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சுகிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் பல கைகளால் செய்யப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் ஒரே திசையில் சாய்கின்றன. இயற்கையைக் கண்டவர்களின் கவனம் மற்றவர்களைவிடக் குறைந்துபோயிற்று என்று சொல்லும் ஆய்வுகள் அரிது. விளைவு இருக்கிறது; ஆனால் சிறியது. சில திறன்களில் மட்டும் தெரிகிறது. நேரில் போனால் மிகும், படத்தில் குறையும். இவ்வளவே இன்று நாம் துணிந்து சொல்லக் கூடியது.

மாணவர்களுக்கு மிகவும் பயன்படக் கூடியது என நான் கருதும் ஆய்வு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்து 2016-இல் வெளிவந்தது. ஐந்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 94 மாணவர்களை மூன்று வகை அறைகளில் அமர்த்தினர். ஒரு வகைக்குச் சன்னலே இல்லை. ஒரு வகையில் சன்னல் கட்டடத்தை நோக்கியது. மற்றொரு வகையில் மரங்களை நோக்கியது. மாணவர்கள் வகுப்புவேலை செய்து முடித்தவுடன் அளந்தபோது மூன்று அறைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு பத்து நிமிட இடைவேளை கொடுத்து மீண்டும் அளந்தனர். மரங்களை நோக்கிய அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் கவனம் தெளிவாக உயர்ந்தது.

இதைக் கூர்ந்து நோக்குங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது மரம் எதுவும் செய்யவில்லை. வேலையை நிறுத்தியபோதுதான் உதவியது. அதாவது மரம் ஓய்வுக்குத் துணை; ஓய்வுக்கு மாற்று அன்று. 94 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இதன்படி நடப்பதால் யாருக்கும் நட்டம் இல்லை.

நம் வீடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் நடப்பது இதற்கு நேர்மாறு. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொரு மணி வரை பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, சுவரில் ஒரு மலைப்படத்தையும் மாட்டிவிட்டால் மூளை புத்துணர்ச்சி பெறும் என்று நம்புகிறோம். இந்த ஆய்வுகளை இவ்வாறு தவறாகப் படிப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டிய இடைவேளையைப் பறித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு காகிதத்தைக் கொடுத்துவிடுகிறோம். படித்தும் மதிப்பெண் வராதபோது, 'எல்லா வசதியும் செய்து கொடுத்தோமே' என்று பழியையும் அவன்மேலேயே போட்டுவிடுகிறோம்.

ஏரிக்கு இந்தச் சான்று வேண்டுமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆவடியில் பூவிருந்தவல்லிச் சாலையை ஒட்டியுள்ள பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-இல் நடைபாதையோடு கூடிய பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. காலையும் மாலையும் மக்கள் அங்கே நடக்கிறார்கள். மற்ற ஏரிகளையும் இவ்வாறு காக்க வேண்டும் என்று வாதிடுவோர் சிலர், 'இயற்கைக் காட்சி மூளைக்கு நல்லது' என்ற இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்கின்றனர். நோக்கம் நல்லது; வாதம் வலுவற்றது. நாளைக்கே பெரிய சோதனை ஒன்று நடந்து 'கவனம் மீளவில்லை' என முடிவு வந்தால், ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிடலாம் என்று ஒப்புக்கொள்வோமா?

ஏரிக்கு அதைவிடப் பன்மடங்கு உறுதியான சான்றுகள் உண்டு. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 2015 டிசம்பரில் நிரம்பியபோது, அடையாற்றில் நீர் வெளியேற்றப்பட்டுச் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டோம். அதே ஏரி 2019 கோடையில் வறண்டு வெடித்ததையும், குடங்களோடு நாம் வரிசையில் நின்றதையும் கண்டோம். நீரைத் தாங்கவும் தேக்கவும் நிலத்தடிக்கு அனுப்பவும் ஏரி வேண்டும் என்பதற்குக் கவனச் சோதனை தேவையில்லை. கவனமும் மீளுமானால் அது கொசுறு. கொசுறைக் காட்டி வியாபாரம் பேசலாகாது.

நீங்களே செய்து பார்க்கலாம்

இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பது ஒரு பெரிய வசதி. உங்கள் பள்ளி அல்லது கல்லூரியில் குறைந்தது இருபது பேர் சேருங்கள்; நாற்பது பேரானால் இன்னும் நல்லது. மூன்று இலக்கம் முதல் ஒன்பது இலக்கம் வரையுள்ள எண்வரிசைகளை, ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டாக, மொத்தம் 14 தயாரியுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் புதிய பட்டியல் வேண்டும்.

ஒரு மணி நேரம் கணக்குப் போட்டுக் களைத்தபின் முதல் சோதனை. பிறகு இருபது நிமிடம் ஓரிடத்தில் ஓய்வு. பிறகு மறு சோதனை. ஓய்வுக்கு நான்கு இடங்கள்: ஏரிக்கரை அல்லது மரமுள்ள பூங்கா, பரபரப்பான கடைத்தெரு, மரமில்லாத அமைதியான அறை, அதே போன்ற அறையில் இயற்கைப் படங்கள். ஒவ்வொருவரும் நான்கு நாள், அதே நேரத்தில், நான்கு இடங்களுக்கும் போக வேண்டும். யார் முதலில் எங்கே போவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், விருப்பத்துக்கு விடாதீர்கள். ஓய்வின்போது கைப்பேசி கூடாது. எண்களைப் படித்து மதிப்பெண் இடுபவருக்கு, எதிரில் இருப்பவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் குரலே இலேசாக உதவி செய்துவிடும். சோதனை தொடங்கும் முன்பே, எந்த இடம் வெல்லும் என எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதி உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள். முடிவைக் கண்டபின் 'நான் அப்போதே நினைத்தேன்' என்று சொல்வதைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

முடிவு எதுவானாலும் எழுதி வையுங்கள். வேறுபாடு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அது தோல்வி அன்று. அதுவும் ஒரு விடைதான். இழுப்பறையில் உறங்கும் விடைகளே இத்துறையின் பெரிய குறை என்று மேலே கண்டோம்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடையோடு இதை முடிக்கிறேன். "தம்பி, படம் இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தூக்கம் வந்தால் தூங்கு. அது உடம்பு கேட்கும் ஓய்வு. களைப்பு வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து, மொட்டை மாடிக்கோ, மரமுள்ள தெருவுக்கோ, ஏரிக்கரைக்கோ பத்து நிமிடம் போய் வா. அங்கே கவனத்தை மீட்டுத் தருவது மரமா, காற்றா, நடையா, வெறும் இடைவேளையா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் நல்ல சோதனைகள் வேண்டும். அதை நீயே கூடச் செய்யலாம்."